கன்னியம்மாள் போய்வந்த நாலு நாள்

கெங்கம்மாள் சின்னம்மா ஓடி வந்தாள். பந்தலைக் கண்டதும் செருப்பைத் தெருவிலேயே உதறிவிட்டு, புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐம்பதை எட்டப் போகிறவள் ஓடுகிற ஓட்டமா அது! அம்மா கன்னியம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வனஜா அந்தக் கால்களையே பார்த்தாள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

போன மாசம் அதில் ஒன்று ஒடிந்துபோயிருந்தது. அப்படித்தான் அம்மா சொன்னாள். "உன் சின்னம்மா கெணத்தாண்ட வழுக்கி உய்ந்துட்டாளாம், காலு ஒடஞ்சி கீதாம். நாலு நாள் கூடமாட இருந்துட்டு வரேன்" என்று பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு திருத்தணிக்குக் கிளம்பினாள். திரும்பி வந்து, "இப்ப பரவால்ல, கோல் ஊணிகினு நடக்கிறா" என்றுகூடச் சொன்னாள்.

"எக்கா! ரெண்டு தீவாளி ஆச்சே உன் மூஞ்சியப் பாத்து! வரேன் வரேன்னு சொல்லிகினே இருந்தியே, இப்பிடியா என்ன வர வெப்ப!" சின்னம்மா பிணத்தின் மேல் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

வனஜாவுக்கு அழுகை நின்றுவிட்டது. விடியற்காலையில் குழாயடியில் குடத்தைப் பிடித்தபடியே அம்மா சரிந்தாள் என்று சொன்னபோதுகூட இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. பிணத்தைக் கட்டிக்கொண்டு யாராவது பொய் சொல்வார்களா?

"சின்னம்மா, போன மாசம் அம்மா உன் ஊட்டுக்கு வர்லியா?"

"இன்னாடி ஒளர்ற? அவ எங்க வந்தா?"

நாலைந்து தலைகள் திரும்பின. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் குணசேகரனுக்கும் கேட்டுவிட்டது. கல்யாணமானதிலிருந்து ஆவடியில் தனிக்குடித்தனம் இருப்பவன் அவன். கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "வாய மூடு. காரியம் முடியட்டும்."

அம்மாவுக்கு என்று ஒரு போட்டோ கிடையாது. மாலை போட்டு வைக்கப் படம் வேண்டுமே! அதனால் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜம்புலிங்கத்தை வரச் சொல்லியிருந்தான் குணசேகரன். குளிப்பாட்டிய பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பது அந்தத் தெருவில் வழக்கம்தான். ஜம்புலிங்கம் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, காமிராவை மாட்டி, அப்புறம்தான் முகத்தைப் பார்த்தான்.

"ஐயையோ, இந்தம்மாவா?"

வனஜாவைத் தனியாகக் கூப்பிட்டான். "இவங்க படம் ஒண்ணு எங்கிட்ட கீதும்மா. கண்ணாடி போடச் சொல்லி ரெண்டு வாரம் முந்தி குடுத்தாங்க. தோ வந்துட்டேன்." சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, பேப்பரில் சுற்றியிருந்ததை அவள் கையில் வைத்தான். வனஜா பிரித்தாள்.

ஏரி. பின்னால் மலை, பாதி மலைக்கு மேல் பனிமூட்டம். நடுவே ஒரு படகில் அம்மா. இரண்டு கையிலும் இரண்டு துடுப்பு. வனஜா பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த ஊதாப் புடவைக்கு மேல் தொளதொளவென்று யாருடைய கம்பளிச் சட்டையோ. அம்மா வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை. அவை விழுந்த இந்த ஆறு வருசமாகப் பெற்ற மகளிடம் பேசும்போதுகூட முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவள் அவள். துடுப்பைப் பிடித்த கையால் எப்படி மூட முடியும்?

"கொடைக்கானலு" என்றான் ஜம்புலிங்கம்.

குணசேகரன் படத்தை வெடுக்கென்று பிடுங்கினான். "யாரு இட்டுகினு போனது?"

"தனியாதாம்பா போனாங்களாம்."

"பொம்பள, தனியா! காதுல பூ சுத்தாத. இத ஒருத்தர் கண்ணுல காட்டக்கூடாது, சொல்ட்டேன்." படத்தைச் சுவரோரம் குப்புறக் கவிழ்த்துவிட்டு நாற்காலி கொண்டுவரப் போனான்.

"நெசந்தாம்மா" என்று ஜம்புலிங்கம் வனஜாவிடம் குரலைத் தாழ்த்தினான். "தொணைக்கு ஆள் இல்லன்னு லாட்ஜில ரூம் குடுக்கலியாம். கேரட் விக்கிற அம்மா ஒண்ணு, தன் ஊட்டுல படுக்க வெச்சி சட்டையும் குடுத்துச்சாம். மொத நாளு பயந்துகினு ஏரிய சுத்தி நடந்தாங்களாம். மறுநாளு படகுல ஏறி துடுப்பப் போட்டா, அது நேரா போவாம ஒரே எடத்துல சுத்திச்சாம். கரையில கீறவங்க எல்லாம் சிரிக்க, 'நானும் சிரிச்சிட்டேம்பா'ன்னாங்க. கண்ணாடி போட்டு மாட்டுனா செத்துட்டேன்னு மாலை போட்ருவாங்களான்னு கேட்டாங்க. 'மொதல்ல மாட்டிடறேன், அப்பால எம்பொண்ணு இன்னா சொல்றாளோ பாக்கலாம்'னாங்க."

ஸ்டுடியோக்காரனுக்குத் தெரிந்தது வனஜாவுக்குத் தெரியவில்லை. உள்ளே அடுப்புக்கு மேலே அந்த ஏரி ஐந்து வருசமாகத் தொங்குகிறது. அம்மா கூட்டிப் பெருக்கும் பம்பு கம்பெனியில் கொடுத்த காலண்டர். தேதியெல்லாம் கிழிந்த பிறகும் அட்டையை எடுக்க விடமாட்டாள். "இங்க எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க போவலாமாடி?" என்று ஒருநாள் கேட்டாள். "போயி? அங்கயும் தொடப்பத்த எடுத்துகினு கூட்டப் போறியா?" என்று வனஜா சொன்னாள். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பாவி, நாக்கில் நெருப்பை வைக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள் வனஜா.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணியில் வாய் இறுகிக் கிடந்தது. ஜம்புலிங்கம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். வனஜா எழுந்து காமிராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வேணாண்ணே. அவங்க படம் ஒண்ணு கீதில்ல, அது போதும்."

"வனஜா, நகரு! மானம் போவுது" என்றான் குணசேகரன்.

"இன்னா மானம்? நாம இட்டுகினு போவல, அதான் அவளே போயிட்டு வந்தா. எங்கிட்ட சொல்லக்கூட பயந்துகினு போயிருக்கா." சுவரோரம் கிடந்த படத்தைக் கை காட்டினாள். "அத நல்லா பாரு. பாத்துட்டு அப்பால பேசு."

குணசேகரன் குனிந்து படத்தைத் திருப்பினான். வெகுநேரம் பார்த்தான்.

"அம்மாக்கு எப்ப பல்லு போச்சி?" என்று கேட்டான்.

அவன் படத்தைக் கவிழ்க்காமல், ஏரி வெளியே தெரிகிற மாதிரி சுவரில் சாய்த்துவைத்தான். ஜம்புலிங்கம் ஸ்டாண்டை மடக்கினான்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். வனஜா கை நிறைய அரிசியோடு போய்க் குனிந்தாள். யாரோ தாடைக்கட்டைத் தளர்த்தினார்கள். உதடு லேசாகப் பிரிந்து அந்தப் பல் இல்லாத இடம் தெரிந்தது. அக்காவின் வழக்கம் தெரிந்த கெங்கம்மாள், "ஐயோ" என்று தன் முந்தானையால் அதை மூட வந்தாள்.

வனஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.