டவரில் மாட்டிய கல்யாணம்

பூமாரி டவருக்கு அடியில் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கறுப்பு டீ-ஷர்ட் போட்ட இளைஞன் ஒருவன் அதில் முள்கம்பி வளையம் வரைக்கும் ஏறிவிட்டிருந்தான். பேன்ட் முள்ளில் மாட்டிக்கொண்டதால் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

"எறங்குங்க அண்ணாச்சி! எறங்குங்கன்னு சொல்லுதேன்லா!"

"என் ட்ரோன் மேல கீது மேடம்! ஒரே நிமிஷம்!"

பூமாரி அண்ணாந்து பார்த்தாள். டவரின் மேல்கை ஒன்றின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, நான்கு இறக்கைகளோடு சின்ன வெள்ளை ட்ரோன் ஒன்று செருகிக் கிடந்தது. அதற்குச் சற்றுக் கீழே தொங்கிய கம்பியில் நாலு லட்சம் வோல்ட் 'உம்'மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கம்பியத் தொடக்கூட வேண்டாம். கிட்டப் போனாலே இழுத்துரும். பேன்ட் கிழிஞ்சா கிழியட்டும், எறங்குங்க."

பேன்ட் கிழிந்தது. அவன் இறங்கினான். அவன் பெயர் ரகு. கல்யாண வீடியோ எடுப்பவன்.

பூமாரி சங்கரன்கோவில்காரி. நாடு முழுக்க உயர் அழுத்தக் கம்பி இழுத்திருக்கும் மத்திய அரசு நிறுவனத்தில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சேர்ந்த நாளிலிருந்து ஓர் இடத்தில் நிலையாக உட்காரவில்லை. வடக்கே போய் வகுப்பு. பிறகு ஒரு துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர்களோடு இருந்தாள். பிறகு பெங்களூருவில், எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டு அறை. இப்போது ஒரகடம் பக்கம் லைன் பராமரிப்பு. பென்னலூர்க்காரரான தாவீதின் தலைமையில் லைன் வேலையாட்கள் கேங் ஒன்று உண்டு. அவர்களோடு தினமும் டவர் டவராக நடந்து, கீழிருந்து பைனாகுலரில் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் அவளுடைய வேலை. அன்று வல்லம் வடகால் பக்கம் வந்திருந்தபோதுதான் ரகு ஏறுவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள்.

அதற்குள் கோயில் பக்கமிருந்து பாதிக் கல்யாணம் வயலுக்குள் இறங்கி வந்துவிட்டது. முன்னால் வந்தது கல்யாணப் பெண்ணேதான். கூறைப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள், கழுத்து மாலை அரைகுறையாகக் கசங்கியிருந்தது. அவள் பெயர் கலைமணி. பக்கத்தில் மொபைல் போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவள். பின்னாலேயே அவளுடைய அப்பா சின்னப்பையன் மூச்சு வாங்க வந்தார். அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர்.

"இன்னாடா ரகு, எட்த்துட்டியா?"

"மேடம் உட மாட்றாங்க மாமா."

கலைமணி பூமாரியை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, எனக்குத் தாலி கட்னது அதுலதாங்கா கீது."

"கீழ கேமரால எடுக்கலியா?"

ரகு தலையைக் குனிந்துகொண்டான். கலைமணியே விஷயத்தைச் சொன்னாள். கங்கையம்மன் கோயில் வாசலில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். கீழே வைத்திருந்த கேமராவில் விழுந்ததெல்லாம் முதுகு. போன்களில் விழுந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் போன். மேலே பறந்த ட்ரோன்தான் முகத்தைப் பார்த்தது. அப்புறம் வயல் பக்கம் சுற்றிக் காட்டலாமென்று ரகு அதை ஓட்ட, அது அவன் பேச்சைக் கேட்காமல் டவரில் போய்ச் செருகிக்கொண்டது.

"ஒரு நிமிஷம் கரண்ட்ட ஆஃப் பண்ணேம்மா," என்றார் சின்னப்பையன். "எங்க தெருவுல டெய்லி ஆஃப் பண்றாங்களே, இங்க மட்டும் இன்னா?"

பூமாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்தக் கம்பியை நிறுத்த வேண்டுமென்றால் பெங்களூரு அறை சம்மதிக்க வேண்டும். அந்த அறையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஷிப்ட் பொறுப்பாளர் நெல்லையப்பன் நாள் முழுக்கப் போனில் 'முடியாது' என்ற ஒரே வார்த்தையைப் பல ராகத்தில் சொல்வதைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். அப்போது அவர் சொல்வதெல்லாம் நியாயமாகப் பட்டது. கூறைப்புடவைக்கு முன்னால் நிற்கும்போது அந்த வார்த்தை வாயிலிருந்து வர மறுத்தது.

தன் மேலதிகாரி சசிரேகாவுக்குப் போன் போட்டாள். சசிரேகா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒருத்தரையும் ஏற விடாத. அங்க காவலுக்கு ஆள் போட்றேன். வியாழக்கிழமை அந்த லைனுக்கு ஷட்டவுன் வாங்கியிருக்கோம்ல, அன்னிக்கு எடுத்துக் குடுத்துடு," என்றாள்.

"வியாழக்கிழம கண்டிப்பா எடுத்துத் தாரேன்," என்றாள் பூமாரி கலைமணியிடம்.

"மழ பெஞ்சா?"

"பெய்யாது," என்று சொல்லிவைத்தாள்.

மூன்று நாளும் பூமாரி வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சேரப்பணஞ்சேரியில் அவள் தங்கியிருந்த அறையின் ஜன்னலில் செவ்வாய்க்கிழமை நாலு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

வியாழன் காலை லைன் நின்றது. அதுவரை காதுக்குப் பழகிப்போயிருந்த அந்த 'உம்' சத்தம் அடங்கியதும் வயலில் தவளைச் சத்தம் கேட்டது. கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிட கேங் ஆட்கள் எர்த் மாட்டியதும், இனி ஆபத்தில்லை என்று தாவீது கையைக் காட்டினார்.

"ட்ரோன நீங்கதான் எட்த்துணு வரணும் மேடம்," என்றார் அவர். "டவர் ஏறணும்னு உங்க டிரெய்னிங்லயே கீது. எப்டியும் ஏறித்தான ஆவணும்?"

வகுப்பில் பயிற்சி டவர் ஒன்றில் அவள் ஏறியிருக்கிறாள். அது இதில் பாதிகூட இல்லை. பெல்ட்டை மாட்டி, கொக்கியை ஒவ்வொரு படியாக மாற்றி மாற்றி ஏறத் தொடங்கினாள். பாதியில் கீழே பார்த்துவிட்டு, இரும்புச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே ஏறிக்கொண்டிருந்த தாவீது, "கீய பாக்காதீங்க, தூரத்துல பாருங்க," என்றார்.

பார்த்தாள். நீலக் கூரை போட்ட கம்பெனிகள் வரிசையாகத் தெரிந்தன. நடுநடுவே ஏரி பளபளத்தது. விற்பனைக்குப் போகவிருந்த புதுக் கார்கள், மொட்டைமாடியில் வடகம் பிழிந்து காயவைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக நின்றன. பயம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. ட்ரோனைச் சட்டங்களுக்கு நடுவிலிருந்து மெதுவாக உருவித் தோள் பையில் போட்டுக்கொண்டு, "எடுத்துட்டேன்!" என்று அவள் கத்தினாள். கீழே யாரோ விசில் அடித்தார்கள்.

கீழே வந்து பார்த்தால் கலைமணியும் மாப்பிள்ளையும், அவர்களோடு ஒரு வேன் நிறைய ஆட்களும் நின்றிருந்தார்கள். மறுவீட்டுக்கு வந்தவர்களையும் சேர்த்து சின்னப்பையன் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ரகு மெமரி கார்டைக் கழற்றி, சட்டையில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பில் செருகினான்.

படம் ஓடியது.

கோயில் வாசலை மேலிருந்து பார்த்தபடி, சுற்றிலும் போன்கள் அலைமோத, நடுவில் மாப்பிள்ளையின் கை கலைமணியின் கழுத்துக்குப் பின்னால் போனது. அந்த நேரம் அவள் தலையைத் தூக்கி நேராக ட்ரோனைப் பார்த்துச் சிரித்திருந்தாள். வேன் கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அந்தச் சிரிப்பை அன்று நேரில் பார்க்க முடியாத மாப்பிள்ளை, திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னான்.

மூன்றாம் தடவை ரகு நிறுத்த மறந்ததால் படம் அப்படியே ஓடியது. கோயில் சிறிதாகி, வயல் வந்தது. ட்ரோன் தள்ளாடிக்கொண்டே கம்பெனி ரோட்டைத் தாண்டி அடுத்த டவரை உரசுவதுபோல் போய்த் திரும்பியது.

"நிறுத்துங்க!" என்றாள் பூமாரி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. அங்கன. அதேதான்."

திரையில் அந்த டவரின் கை தெரிந்தது. கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுச் சரம் ஒரு போல்ட்டில்தான் அங்கே தொங்கும். போல்ட்டின் முனையில் நட்டும் இல்லை, அதைப் பூட்டும் ஊசியும் இல்லை. போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. கீழிருந்து அவளும் தாவீதும் பைனாகுலரில் பார்த்த டவர்தான் அது. ஆனால் நிலத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்தை இரும்புச் சட்டம் மறைத்துவிடும்.

தாவீது லேப்டாப்பின்மேல் கவிழ்ந்து பார்த்தார். "யம்மா! ஒரு நல்ல காத்து அட்ச்சா கம்பி ரோட்லதான் வுயும். கம்பெனி பஸ்ஸெல்லாம் அந்த ரோட்லதான போவுது!"

"நான் போறதும் அதுலதான்," என்றாள் கலைமணி. அப்புறம் அவளே, "எங்க லைன்ல ஒரு குட்டி ஸ்க்ரூ உட்டாலே சூப்பர்வைசர் ஆட்டம் ஆடுவாரு. உங்க லைன்ல நட்டே இல்லியேக்கா!" என்றாள். பூமாரியும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

ஆனால் ஷட்டவுன் முடியும் நேரம் நெருங்கிவிட்டது. படத்தை அனுப்பிவிட்டு சசிரேகாவைக் கூப்பிட்டாள்.

"இதை எதுல பார்த்த?"

"கல்யாண வீடியோல மேடம்."

"பெங்களூருவுல கூடுதல் நேரம் கேட்கணும். கான்பரன்ஸ் போடறேன். பார்த்தது நீதான, நீயே சொல்லு."

நெல்லையப்பனின் குரல் வந்தது. வழக்கமான ராகத்தில், "முடியாதுங்க. சாயங்கால லோடு ஏறுததுக்குள்ள லைன் வேணும்," என்றது.

"சார், நான் பூமாரி பேசுதேன்."

"எந்தப் பூமாரி?" என்றவர், உடனே, "ஏட்டி, சங்கரன்கோவில் பிள்ளையா? நீ எப்பிடி டவர்ல நிக்க?" என்றார்.

அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். போல்ட் எந்த நிலையில் இருக்கிறது, கம்பி எந்த ரோட்டுக்கு மேலே போகிறது, இன்றைக்கு விட்டால் மறுபடி எப்போது ஷட்டவுன் கிடைக்கும், எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் எதைக் கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டிருந்தாள். அதனால் அவர் கேட்பதற்கு முன்பே, சாயங்காலம் வேறு எந்த லைனில் லோடைத் திருப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"சரி, தாரேன்," என்றார் நெல்லையப்பன். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல கேட்டா அழுதிருவேன்."

கேங் ஜீப்பில் பறந்தது. தாவீதின் ஆட்கள் இருவர் ஏறினார்கள். பூமாரி கீழே நின்று ரோட்டில் வந்த வண்டிகளை நிறுத்தினாள். சின்னப்பையன் தன் வேனைக் குறுக்கே போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த டிரைவர்களிடமெல்லாம், "கொஞ்சம் நில்லுபா, எங்கூட்டுக் கல்யாணத்துல கண்டுபுடிச்சது," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புது நட்டும் ஊசியும் ஏறின. கேங் எர்த்தைக் கழற்றிவிட்டு இறங்கியது. லைன் திரும்ப உயிர் பெற்றதும் 'உம்'மென்ற சத்தம் வந்து, தவளைச் சத்தம் காணாமல் போனது.

"அந்த ரகுவோட நம்பர் எனக்கு வேணும்," என்றாள் சசிரேகா போனில். "நமக்கும் ட்ரோன் கேட்டு எழுதிக்கிட்டேதான் இருக்கேன். இந்தப் படத்தை வச்சா உடனே வந்துடும். தாலி கட்டற பாகத்தை மட்டும் வெட்டிட்டு அனுப்பச் சொல்லு." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "வெட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தரம் காட்டு," என்றாள்.

சின்னப்பையன் கேங்கை விடவில்லை. எல்லோரையும் வேனில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டார். மறுவீட்டு விருந்து, கறிக்குழம்பு மணந்தது. பூமாரிக்குப் பக்கத்தில் கலைமணி உட்கார்ந்து, அவள் வேண்டாமென்றபோதெல்லாம் பரிமாறச் சொன்னாள்.

சாப்பிட்டு முடிக்கும் நேரம் சின்னப்பையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய கரண்ட்ட பாக்குறியே. எங்கூட்டு ஃபேன் பாரு, எறும்பு மாதிரி சுத்துது. மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி மானம் போவுது."

"அப்பா, அது அவங்க டிபார்ட்மென்ட் இல்லப்பா!" என்றாள் கலைமணி.

பூமாரி அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் நிஜமாகவே எண்ணிவிடும் வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"கப்பாசிட்டர் போயிருக்கும் அண்ணாச்சி. முக்குக் கடையில ஒண்ணு வாங்கியாரச் சொல்லுங்க. மெயின ஆஃப் பண்ணிட்டு, ஒரு ஸ்டூலும் ஸ்க்ரூ டிரைவரும் தாங்க."

தாவீது இலையை மடித்துக்கொண்டே எழுந்தார். "ஸ்டூல நான் புட்ச்சிக்கிறேன் மேடம், ஏறுங்க."