நெஸ்ட்டா ப்ராசர் தோற்க வேண்டிய கதை

1

நெஸ்ட்டா ப்ராசர் என்பது அவள் பெயர். தையல் வேலை செய்பவள். காலையில் எழுந்ததும், அடுப்பில் கெட்டிலை வைப்பதற்கு முன்பாகவே, வானொலியைத் திருகிவிடுவாள். செய்தி வாசிப்பவர் எதைச் சொன்னாலும் அதற்கு ஓர் எதிர்ச்சொல் அவளிடம் ஆயத்தமாக இருக்கும். "மலைப்பகுதிகளில் மழை பெய்யக்கூடும்" என்று அவர் சொன்னால், "கூடுமா? ஜன்னலைத் தொறந்து பாருய்யா" என்பாள். வானொலி திருப்பிப் பேசுவதில்லையாதலால் நாள்தோறும் அவளே வென்றாள். வென்றபின் தேநீரை ஒரு கோப்பையில் மட்டும் ஊற்றிக்கொண்டு தையல் இயந்திரத்தின் முன் அமர்வாள்.

நான் முதலில் எழுதிய தொடக்கம் இதுவன்று. "பிளைன்கெலின் என்னும் மலையூரில், பஞ்சுபோலப் பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்" என்று எழுதி, அந்த வாக்கியத்தை அவ்விடத்திலேயே விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை இங்கே புத்தாண்டு என்றால் மழைதான். பனி கதைக்குத் தேவைப்படவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது.

கதை பிறந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சிற்றாலயத்தில் சேர்ந்திசை விழா முடிந்தபின், பின்கூடத்தில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் மற்றொருவரிடம் சொன்னார்: "அந்தம்மா வீட்டுக்கு இனிமே குதிரையக் கொண்டுபோக வேணாம்ப்பா. உள்ள விட்டாத்தானே?" நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இருவரும் போய்விட்டனர். எந்த அம்மா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே நெஸ்ட்டாவை நான் உண்டாக்கிக்கொண்டேன்.

2

புத்தாண்டை ஒட்டிய நாட்களில் எங்கள் பள்ளத்தாக்கில் குதிரை வரும். குதிரையின் மண்டையோட்டைக் கழியில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, துணிக்குள் ஓர் ஆள் குனிந்து நின்று அதன் தாடையைக் கடகடவென்று கடிக்கவைப்பான். உடன் வருகிற கூட்டம் வாசலில் நின்று பாடும். வீட்டார் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து எசப்பாட்டுப் பாட வேண்டும். கேலி, கிண்டல், வசை எல்லாம் உண்டு. மூக்கைப் பழிக்கலாம், குரலைப் பழிக்கலாம், கஞ்சத்தனத்தைப் பழிக்கலாம். யாருக்கு முதலில் பாட்டு வற்றுகிறதோ அவர் தோற்றார். வீட்டார் தோற்றால் கதவு திறக்கும்; குதிரையும் கூட்டமும் உள்ளே வந்து தின்று குடித்து, அவ்வீட்டுக்கு நல்ல ஆண்டு வாய்க்குமாறு வாழ்த்திப் போவார்கள். வந்தவர்கள் தோற்றால் அடுத்த வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் வீட்டார்தாம் தோற்பார்கள். தோற்பதற்காகத்தானே ரொட்டியை அறுத்து, பீரைச் சூடாக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

நெஸ்ட்டா தோற்றதில்லை. அவளும் அவள் அண்ணன் இட்ரிஸும் மணமே ஆகாமல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். இட்ரிஸ் மரம் செதுக்குபவன். ஊரில் எவர் வீட்டுத் திருமணமானாலும், ஒரே கட்டையில் சங்கிலியும் இதயமும் செதுக்கிய பரிசுக்கரண்டி அவன் கையிலிருந்துதான் போகும். பாட்டு மட்டும் அவனுக்கு வராது. குதிரை வருகிற மாலையில் அவன் தங்கையின் பக்கத்தில் பேசாமல் நிற்பான். அவள் பாடிக்கொண்டே போவாள். வெளியே உள்ளவர்கள் திணறத் தொடங்கியதும் அவன் சொல்வான்: "போதும் நெஸ்ட்டா. பாவம், குளிருது அவங்களுக்கு." சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்குவான். அவள் தோற்றாளா, வென்றாளா என்று எவரும் கேட்கவில்லை. கதவு திறந்தது, அவ்வளவுதான்.

இட்ரிஸ் இறந்தபின் குதிரை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நெஸ்ட்டா பாடினாள். "போதும்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. வெளியே பாட்டு நின்றது. காலடிகள் சரளைக்கற்களில் நொறுநொறுவென்று இறங்கிப் போயின. மறுநாட் காலை, தேநீரில் ஊறிய திராட்சை போட்டு அவள் சுட்ட ரொட்டியைக் காக்கைகள் தின்றன.

(அவளே கதவைத் திறந்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எழுதும்போது நானும் கேட்டேன். நாவின் நுனியில் விடை இருக்கும்போது வாயை மூடிக்கொள்வது ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தை அந்த வீட்டில் இட்ரிஸ் ஒருவனே இருவருக்குமாகச் சேர்த்து வைத்திருந்தான்.)

3

கெதினை இப்போது உள்ளே அழைத்து வருகிறேன். குழாய் பழுதுபார்ப்பவன், குதிரைக் கூட்டத்தின் தலைவன், சிறுவயதில் இந்த வீட்டுச் சமையலறையில் விளையாடியவன். அவன் வந்தபோது மண்டையோடு மேசைமேல் இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் நாடாவும் குஞ்சமும் தைப்பவள் நெஸ்ட்டாதான். தான் அலங்கரித்த குதிரையைத் தன் வாசலிலிருந்து தானே திருப்பி அனுப்புகிறவள் என்று எழுதியபோது, இது மிகையோ என்று ஐயுற்றேன். மிகையன்று; ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு நேர்த்தியாகத் தைக்க வராது.

"ஒரு காது சாஞ்சிருக்கே ஆன்ட்டி?"

"காது நேராத்தான் இருக்கு. உன் தலை சாஞ்சிருக்கு. உக்காருடா, டீ போடறேன்."

"நேரமில்ல ஆன்ட்டி. பாதிரியார் வீட்ல தண்ணி சுத்தமா நின்னுபோச்சு."

"நீ போய்ப் பாத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கெதின் சிரித்தான். ஆனால் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளு. கோச்சுக்கலாமா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"நாங்க வர்றது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

ஊசி துணிக்குள் பாதி போய் நின்றது.

"இல்ல ஆன்ட்டி, ரெண்டு வருஷமா உள்ள விடலையே, அதான். இட்ரிஸ் அங்கிள் போனதிலேர்ந்து உங்களுக்கு ஆளுங்க வந்தாப் பிடிக்கல, நேரா சொல்லாம பாட்டுல சொல்றீங்கன்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க. அதுல தப்பே இல்ல. இந்தத் தடவை வர்றோம். இந்தத் தடவையும் கதவு தொறக்கலேன்னா, அடுத்த வருஷத்திலேர்ந்து இந்த மேட்டுல ஏறி வந்து உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டோம். சரிதானே?"

"வாங்கடா" என்ற ஒரே சொல் போதுமாயிருந்தது. அவள் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள். வெளிவந்தது வேறு:

"உருப்படியா ஒரு பாட்டு கொண்டுவாங்க, கதவு தானாத் தொறக்கும். நீங்க பாடற பாட்டு கதவுக்கே பிடிக்கல."

"அப்படிப் போடுங்க!" என்று கெதின் சிரித்தான். குதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியின் பின்புறத்தில் குழாய்களுக்கிடையே கிடத்தினான். முற்றத்தில் அவன் சிரிக்கவில்லை என்பதை நெஸ்ட்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு, வெறுமையான மேசையில் ஒட்டியிருந்த நூல்துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தாள். வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அன்று அதற்கு அவள் ஒரு பதிலும் சொல்லவில்லை.

4

ஆக, அவள் தோற்க வேண்டும். கதையின் தேவை அதுதான். எப்படித் தோற்கடிப்பது என்பதில்தான் என் பேனா நின்றுவிட்டது.

எழுதிக் கிழித்த முதல் முடிவில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழி தெரியாத கதாசிரியனுக்குச் சளி பெரிய உதவி. வெட்கப்பட்டு நீக்கிவிட்டேன்.

பிறகு, கெதினுக்கு அசைக்க முடியாத ஒரு பாட்டைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். எண்ணுவது எளிது, எழுத வேண்டியவன் நானாயிற்றே! இரண்டு நாள் முயன்றதில் தேறியது இவ்வளவுதான்:

*அண்ணன் போன வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்து என்ன பண்ண* —

இதற்குமேல் எழுதவில்லை. வாசலில் நின்று மூக்கைப் பழிக்கலாம் என்றேன். கல்லறையைத் தொட்டுப் பாடுகிறவன் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. கெதின் அதைப் பாட மாட்டான்.

மூன்றாவதாக, நெஸ்ட்டாவுக்கே வேண்டுமென்று தளை தட்டுகிற ஒரு மட்டமான பாட்டை எழுதி, அவள் நாவில் வைத்துப் பார்த்தேன். அவள் அதைத் துப்பிவிட்டாள். தோற்பதில் அவளுக்கு மறுப்பில்லை என்றே நினைக்கிறேன். மட்டமாகப் பாடித் தோற்பதென்றால், கதவு திறந்தபின் உள்ளே வருகிறவர்களுக்கு முன்னால் நிற்கப்போவது அவளல்லாத வேறொருத்தியாக இருப்பாள்.

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. குதிரை வருகிற மாலையும் வந்துவிட்டது.

5

மழை. மேசைமேல் ரொட்டி, வெண்ணெய், கவிழ்த்து வைத்த குவளைகள். நெஸ்ட்டா மூடிய கதவுக்குப் பின்னால் நின்றாள். இட்ரிஸ் முன்பெல்லாம் நிற்கும் இடத்தை விட்டு, தள்ளியே நின்றாள். மேட்டின் கீழே பிடில் ஒலி கேட்டது. பிறகு தாடை கடகடக்கும் ஓசை. பிறகு கெதினின் குரல்:

*மலையேறி வந்திருக்கோம், மழையிலயும் நனைஞ்சிருக்கோம்,*
*தலையாட்டி நிக்குதம்மா தவிச்ச எங்க வெள்ளக்குதிர!*

நெஸ்ட்டா மூச்சுக்கூட வாங்கவில்லை:

*குதிரைக்குப் புல் இருக்கு, கூட வந்த கூட்டத்துக்கும்*
*அதே புல்லைப் போட்டுவைப்பேன், அளவா மேஞ்சு போங்களய்யா!*

வெளியே சிரிப்பு எழுந்தது. "கெதினு, உனக்குத்தான்டா அந்தப் புல்லு!" என்றது ஒரு குரல். கெதின் தொண்டையைச் செருமிக்கொண்டான்:

*பாட்டெல்லாம் பாடியாச்சு, பல்லெல்லாம் நடுங்கியாச்சு,*
*கேட்டுக்கிட்டே நிக்காம கேக்கை வெட்டி வையி ஆன்ட்டி!*

இந்த இடத்தில் அவள் வாயைப் பொத்திவிட நான் முயன்றேன். முடியவில்லை:

*குழாய் ரிப்பேர் பாக்குறவன் குரலை ரிப்பேர் பண்ணலியே,*
*விழா முடிஞ்சு போகுமுன்னே வெந்நீர் வச்சுக் கொப்புளிடா!*

மறுபடியும் சிரிப்பு; இம்முறை சற்றே குறைவு. பிறகு ஓய்ந்தது. கூரை ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. நெஸ்ட்டாவின் நாவில் அடுத்த பாட்டும் அதற்கடுத்த பாட்டும் வரிசையாக நின்றன. அவற்றைப் பாடுவதற்கு வெளியிலிருந்து எதிர்ப்பாட்டு வரவில்லை.

"அவ்வளவுதான் ஆன்ட்டி," என்றான் கெதின், பாடாமல், வெறும் குரலில். "எங்ககிட்ட சரக்குத் தீந்துபோச்சு. நல்லா இருங்க."

பிடிலைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிற ஓசை கேட்டது.

"அடுத்தது ஹியூ வீடு," என்றார் ஒருவர். "போச்சு போ. போன வருஷம் அந்த ஆளு நம்மள எவ்வளவு நேரம் மழையில நிக்க வச்சான்!"

"அவன் வாயை அடைக்க நம்மகிட்ட ஆள் இல்லப்பா."

சரளைக்கற்களில் காலடிகள் நொறுநொறுக்கத் தொடங்கின.

6

வாசகரே, இங்கே நான் செய்தது இதுதான்: அவள் கையை எடுத்துத் தாழ்ப்பாளின்மேல் வைத்தேன். மனம் மாறிக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்று அழுதுகொண்டே சொல்லட்டும் என்று எழுதினேன். கண்ணீர் வரை எழுதிவிட்டேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகு மேலங்கியை மாட்டினாள். தலைக்குக் கம்பளித் துணி கட்டினாள். மேசைமேல் இருந்த ரொட்டியை அப்படியே ஒரு துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இவை எதையும் நான் எழுதத் திட்டமிடவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, தனக்குப் பின்னால் அதைச் சாத்தினாள். அவள் தோற்றதாக ஆகாது. உள்ளே ஒருவரும் நுழையவில்லையே!

மேட்டின் பாதியில் கூட்டம் நின்று திரும்பியது. குதிரையும் திரும்பியது.

"என்ன ஆன்ட்டி? ஏதாவது மறந்துட்டோமா?"

"ஹியூவுக்கு யாருடா பதில் பாடப்போறது?"

"நாங்கதான்."

"நீங்களா? இப்பத்தானே உங்க லட்சணத்தைக் கேட்டேன்."

யாரோ சிரித்தார்கள். கெதின் சிரிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் நின்று வெல்பவருக்குக் கதவு மூடியே இருக்கும்; வாசலில் நின்று வெல்பவருக்குத்தான் அது திறக்கும் என்பது, இத்தனை பக்கங்கள் எழுதியும் எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அப்போதுதான் தோன்றியது போலும்.

ஹியூவின் கதவு திறந்ததா என்று நான் எழுதப்போவதில்லை. கெதினுக்கு ஒரு பாட்டு எழுத எனக்கு இரண்டு நாள் போதவில்லை. ஹியூவுக்கும் நெஸ்ட்டாவுக்குமாக ஓர் இரவு முழுதும் எழுத என்னால் ஆகாது. உங்களால் ஆகுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மழையில், பாட்டாக அல்லாமல், கேலியாகவும் அல்லாமல், இயல்பான குரலில் அவள் சொன்னாள்:

"நான் இனிமே இந்தப் பக்கம் நின்னுக்கிறேன், கெதின். உங்ககூட வர்றேன்."