மூன்றாவது நிறம்

என் கணவர் பாலகுமார் இறந்தபோது அறுபது அட்டைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் மலையில் ஒண்டிக்கடை என்ற முக்கில் கடை வைத்திருக்கும் அற்புதம் அக்கா கிறிஸ்துமஸுக்குக் கேட்டிருந்த வாழ்த்து அட்டைகள். மஞ்சளும் சிவப்பும் அச்சாகியிருந்தன. கரும்பச்சை மட்டும் பாக்கி.

மூன்று நிறத்துக்கும் செதுக்கி அச்சடிக்கும் ஒரே லினோ பலகைதான். ஒரு நிறம் அடித்ததும், அந்த நிறமாகவே நிற்கவேண்டிய இடங்களை உளியால் எடுத்துவிட்டு, மிச்சத்தில் அடுத்த நிறத்தைத் தடவுவார். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. தவறாக வெட்டினால் அறுபதும் போய்விடும். அவர் வெட்டுவார், நான் தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்ப்பேன். உளியை நான் தொட்டதில்லை.

படம் ஒரு காப்பிக் கிளை. அப்போது இலை, காய் எல்லாமே சிவப்பாக இருந்தன. கொத்தில் பதினோரு உருண்டைகள். எவை பழம், எவை காய் என்று அவர் குறித்துவைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் தம்பி தனபால் வந்தார்.

“ஏனுங்க அண்ணி, இதெச் சேலத்துல குடுத்தா கம்ப்யூட்டர்ல பச்சையப் போட்டு ஆயிரம் அடிச்சுத் தருவானுங்க. நீங்க எதுக்கு உளியத் தூக்கோணும்?”

“ஆயிரம் யாருங்க கேட்டாங்க?”

“அப்ப அப்படியே உட்ருங்க. அண்ணன் நெனப்பா இருக்கட்டும்.”

“அரைகுறையாவா? ஒரு கோடு கோணுனாலே அட்டையக் கிழிக்கற மனுசனுங்க தம்பி அவரு.”

பனி விலகாததால் சிவப்பு காய இன்னும் நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலை பலகையை ஜன்னலோரம் வைத்தேன். கல்யாணத்துக்கு முன் நாகலூர் எஸ்டேட்டில் ஆறு வருடம் பழம் பறித்திருக்கிறேன். வெளிப்பக்கம் இருந்த ஏழு உருண்டைகளைப் பழம் என்று எடுத்துக்கொண்டேன். இலை மறைவில் இருந்த நான்கும் காய். பழங்களை வெட்டியெடுத்தால் அவை சிவப்பாகவே நிற்கும், காய்கள் பச்சையாகும்.

ஆறு சரியாக வந்தன. ஏழாவதில் உளி வழுக்கிப் பக்கத்துக் காயில் பாதியைக் கொண்டுபோனது. பாதிப் பழமாக நிற்கக்கூடாதென்று மீதிப் பாதியையும் எடுத்தேன்.

கரும்பச்சை அடித்துக் காய்ந்ததும் கடைக்குக் கொண்டுபோனேன். அக்கா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன மேகலா, எலைக்கு அடியில ஒண்ணு மட்டும் முந்திக்கிட்டுப் பழுத்திருக்குது? காயவும் சேத்துப் பறிச்சுப்போட்டியா? எஸ்டேட்டுக் கணக்கு எழுதற ரைட்டரு பாத்திருந்தா கூடையோட கீழ கொட்டச் சொல்லியிருப்பாரு.”

“கை தவறிருச்சுங்க அக்கா.”

“போச்சாது, உடு. ஓரத்துல உன் வூட்டுக்காரரு பேர எழுதிக் குடு கண்ணு. அதப் பாத்துத்தான் வாங்குவாங்க.”

எப்போதும் அவரே பென்சிலால் எழுதுவார். முதல் அட்டையில் ‘பா’ எழுதும்போது அந்தப் பழத்தின் மேல் கண் போனது. அவர் அப்படி வெட்டியிருக்க மாட்டார். வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

“ரப்பர் இருக்குதுங்களா அக்கா?”

அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அக்கா பார்த்துவிட்டு அடுத்த அட்டையை என் பக்கம் நகர்த்தினார். பத்தாவது அட்டையில் எழுதி முடிப்பதற்குள் இரண்டை விற்றுவிட்டார்.