சொந்த உபயோகம்: ஆம்

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான். கம்பெனி வேனைச் சொந்த உபயோகத்துக்கு எடுப்பீர்களா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்த லிஃப்ட் கம்பெனிக்குப் பன்னிரண்டு வேன். எந்த நேரத்தில் எந்தக் கட்டிடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பன்னிரண்டு வேனும் வேலை முடிந்து மெக்கானிக்குகளின் வீட்டு வாசலில்தான் நிற்கும். பதினோரு பேர் படிவத்தைப் படிக்கக்கூட இல்லை. ‘இல்லை’யில் ஒரு டிக், கீழே ஒரு கிறுக்கல், தீர்ந்தது. அந்தப் பதினோரு வேனும் ஞாயிற்றுக்கிழமை எங்கெல்லாம் சுற்றும் என்று என் வாயைக் கிளறாதீர்கள். மெத்தை, மச்சினன், நாய்க்குட்டி எல்லாம் அதில்தான் போய்வரும்.

பன்னிரண்டாவது ஆளுக்குத் திருப்புளி என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பாள், அதனால் வந்த பெயர். இவள் மட்டும் படிவத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். எல்லாம் அவளுடைய அண்ணனுக்காக.

அண்ணன் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். முதுகில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், மூன்று வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். காலே வேண்டாம், பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் கையாலேயே இயக்குகிற கார் ஒன்று உண்டு. அதை ஓட்டப் பழக்கும் மைதானம் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. உரிமம் வாங்கிவிட்டால் அதே மாதிரி சின்ன வண்டி ஒன்றை ஓட்டத் தருகிறேன் என்று பழைய முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு வருஷம் வரிசையில் காத்திருந்து இப்போதுதான் இடம் கிடைத்தது. மொத்தம் பன்னிரண்டு சனிக்கிழமை வகுப்பு. இரண்டுக்கு வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி வரிசையின் வால்.

அதில் ஒன்று ஏற்கெனவே போயாயிற்று. அண்ணனுடைய நாற்காலி பேட்டரியில் ஓடுவது, கனம் நூற்றிருபது கிலோ. டாக்ஸிக்காரர்கள் அதைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பினார்கள். மூன்று பஸ் வந்தது. மூன்றிலும் நாற்காலி ஏறுகிற சாய்பலகை மக்கர். நாற்காலியும் அண்ணனும் நிறுத்தத்தில் வெயிலில் காய்ந்துவிட்டு வீடு திரும்பினார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

வாசலில் நிற்கிற வேனுக்கோ, பின்னால் லிஃப்ட் மோட்டார் ஏற்றுகிற தூக்குத்தட்டு இருக்கிறது. நூற்றிருபது கிலோ அதற்குத் தூசு.

வியாழக்கிழமை மத்தியானம் படிவத்தோடு கணக்கரின் கண்ணாடித் தடுப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

“சார், இதுல ‘ஆம்’ போட்டா என்ன ஆகும்?”

கணக்கர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஏம்மா, ஊர்ல ஒருத்தரும் கேக்காத கேள்வி?”

“நான் கேக்கறேன், சொல்லுங்க.”

“கம்பெனி வேலைக்குப் போறது, வீட்டுக்கு வர்றது, இதுக்கெல்லாம் வரி கிடையாது. சொந்த வேலைக்கு எடுத்தா, கம்பெனி உனக்கு ஒரு வண்டியைத் தூக்கிக் கொடுத்த மாதிரி. அதையும் உன் சம்பளத்தோட சேர்த்து வரி பிடிப்பாங்க.”

“சனிக்கிழமை மட்டும்தான் எடுப்பேன், எங்க அண்ணனை வண்டி பழகற மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போக.”

“சனிக்கிழமை மட்டும் எடு, தினமும் எடு, அதெல்லாம் பேச்சே இல்லை. வருஷத்துக்கு ஒரே தொகை. மாசம் உன்னோட ரெண்டு நாள் சம்பளம் போயிடும்.”

ரெண்டு நாள் சம்பளமா என்று அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கர் அதைக் கவனித்துவிட்டார். நல்ல மனுஷர்தான், யாருக்கும் ஒரு காசு நஷ்டம் வந்தாலும் தாங்கமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“எதுக்குக் கஷ்டப்படறே? அந்த மைதானத்துக்கு எதிர்த்தாப்பல ஏழு மாடிக் கட்டிடம் இருக்குல்ல, அதுல நம்ம லிஃப்ட் ரெண்டு ஓடுது. சனிக்கிழமை அதைச் சோதிக்கப் போனதா எழுதிடு. வேன் அந்தத் தெருவுலதான் நின்னுச்சுன்னு வண்டியில இருக்கற டிராக்கரும் சாட்சி சொல்லும். போற வழியில அண்ணனை இறக்கி விட்டே, அவ்வளவுதானே.”

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசை வந்தது. எவ்வளவு சுலபம்! மிச்சமிருக்கிற பதினோரு வாரமும் ஒரு வரி எழுதினால் போதும்.

“போனதா எழுதினா, சோதனை பண்ணினதா ஆயிடுமே சார்.”

“அதனால என்ன?”

“லிஃப்டோட சோதனைக் கார்டுல கையெழுத்துப் போடணும்.”

“போடு.”

“சோதிக்காமயா?”

கணக்கர் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடினார். அவர் பார்க்காததை அவள் பார்த்திருக்கிறாள். போன மாசம் வேறு கம்பெனியிடமிருந்து கைமாறி வந்த லிஃப்ட் ஒன்றைத் திறந்தாள். பிரேக் கட்டை காகிதம் மாதிரி தேய்ந்து கிடந்தது. கார்டில் மட்டும் மாசத் தேதிப்படி மணிமணியாகக் கையெழுத்து. அந்தக் கட்டிடத்தில் முப்பத்தாறு குடும்பம். அன்றைக்கு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

“என் கையெழுத்தை நம்பி ஜனங்க ஏறறாங்க சார். அதைப் பொய்யாப் போட்டு எங்க அண்ணனை ஓட்டுனராக்க வேண்டாம்.”

“சரிம்மா, அப்ப எனக்காகவாவது யோசி. நீ ஒருத்தி ‘ஆம்’ போட்டா, மத்த பதினோரு பேரும் எப்படி யோக்கியம்னு வரி ஆபீஸ்ல கேப்பாங்க. முதலாளி என்னைத்தான் உண்டு இல்லைன்னு பண்ணுவார்.”

“அது அவங்க பாடு சார். நான் யாரையும் காட்டிக் கொடுக்கலையே.”

அவள் ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தாள். போதாது என்று அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி அடித்தாள். கையெழுத்தை முழுப் பெயராகவே போட்டாள். அண்ணன் கூட வரலாம் என்கிற கம்பெனி அனுமதிச் சீட்டையும் அங்கேயே நின்று வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

ஆபீஸில் சமாளித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. வீட்டில்தான் இருந்தது கச்சேரி.

“என்னால உனக்கு வரியா?” என்றார் அண்ணன். “ஒண்ணும் வேண்டாம். போய் ‘இல்லை’ன்னு மாத்திட்டு வா.”

“பேனாவால போட்டிருக்கேன்.”

“வேற படிவம் வாங்கு.”

“வாங்கமாட்டேன்.”

“மாசம் ரெண்டு நாள் எனக்காக உழைப்பியா நீ? மூணு வருஷமா உன் சோத்தைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கேன், அது பத்தாதா? எனக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்காதா?”

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இந்த மனுஷரை என்ன செய்தால் தகும்?

“அந்த ரோஷத்தை நீயே வச்சுக்கோ அண்ணா, நான் கேக்கலை. நீ வந்தாலும் வராட்டாலும் வரி பிடிச்சுடுவாங்க. வராம இருந்தா அந்தக் காசு தண்டம். சனிக்கிழமை எட்டு மணிக்கு வண்டி கிளம்பும். ஏறாம இருந்து பாரு, நாற்காலியை மட்டும் ஏத்திட்டுப் போயிடுவேன். அப்புறம் நீ நாள் பூரா கட்டில்லதான்.”

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் அதே சுவர்தான். சனிக்கிழமை அவள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள், அண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் இருந்தார். மணி ஆறரை.

ஒரு பலகையைச் சீட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே சாய்த்து வைத்து, நாற்காலியிலிருந்து முன்சீட்டுக்குச் சறுக்கி மாறினார். நாற்காலியைத் தூக்குத்தட்டு முனகாமல் மேலே ஏற்றியது. வழி நெடுக அண்ணனின் உபதேசம்: “கிளட்சை மிதிச்சுக்கிட்டே வராதே, பாவம் வண்டி.” “மெதுவா, மெதுவா, அது மேடு.” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வார்த்தை அவர் பேசி எவ்வளவு நாளாயிற்று!

மைதானத்தில் பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். “இன்னிக்கு ஒரே ஒரு சுற்று. கொடிகிட்ட நிறுத்திடுங்க.”

அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் குலுங்கியது, நின்றது. மறுபடி குலுங்கியது, மறுபடி நின்றது. ஐயோ, பழக்கம் விட்டுப்போச்சே, முடியாமல் போய்விடுமோ என்று வேலிக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவது தடவை கார் நகர்ந்தது. வளைவில் திரும்பியது. வேகம் பிடித்தது. கொடி வந்தது. பயிற்சியாளர் கையைக் காட்டுவது தெரிந்தது. கார் நிற்கவில்லை. இரண்டாவது சுற்று போயிற்று, பிறகு மூன்றாவது. பயிற்சியாளரும் கையை இறக்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதாள். கார் அவளை உரசுகிற மாதிரி தாண்டிப் போகிற ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டினாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. லாரி ஓட்டின காலத்திலும் அப்படித்தான், ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார்.