முன்வரிசை மரங்கள்

அப்பாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சேற்றை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் கிரேன் வந்து நின்றது. பின்னாலேயே நீளமான லாரி ஒன்று. துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

அவள் எழுந்து வெளியே போனாள்.

"யார் வரச்சொன்னது?"

கிரேன்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாவு வீடுன்னு தெரியாதும்மா. புது ஓட்டல் வாசல்ல அழகுக்கு வைக்க இந்த முன்வரிசை மரங்களை எடுக்கச் சொன்னாங்க, உங்க தம்பிதான் வித்தாரு. வேரோட பேத்து வேற இடத்துல நடறதுக்காக, முன்னாடியே சுத்திலும் வேர் அறுத்து மூணு மாசம் ஆச்சே, இனி தாங்கிடும்."

அந்த மூன்று மாதமாகத்தான் அப்பா போனில் ஒரே புலம்பல். முன்வரிசை எண்ணெய்ப்பனைகளுக்கு ஏதோ நோய், மட்டை தொங்குகிறது, குலை கருகி விழுகிறது, எண்ணெய் ஆலைக்கு அனுப்ப ஒன்றும் தேறவில்லை. தோட்டத்தில் அவர் முதன்முதலில் வைத்த மரங்கள் அவை. "எருவை அதிகமா வச்சுட்டேன் போலிருக்கும்மா. என் கையாலயே கெடுத்துட்டேன்" என்று ஒருநாள் அழுதார். பிறகு விடிந்ததும் விடியாததுமாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். நேற்றுக் காலை வாளியோடு மரத்தடியில் சாய்ந்தவர்தான், எழவில்லை.

தம்பி அவசரமாக வந்தான்.

"எப்படா அறுத்தே?"

"அப்பா கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தப்போ. அறுத்து, மண்ணை மூடி, மேல மட்டையைப் போட்டுட்டோம். சொன்னா விட்டிருப்பாரா?"

ஆபரேஷன் செய்து பார்வை வாங்கிக் கொடுத்ததும் இவன்தான். பார்க்கக் கூடாததை மட்டை போட்டு மூடியதும் இவன்தான்.

"தன் தப்புன்னே நெனச்சுக்கிட்டுப் போயிட்டாருடா."

"எடுக்குற அன்னைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்க்கா."

"இன்னைக்குத்தானே எடுக்குற நாள்? உள்ளதான் படுத்திருக்காரு. போய்ச் சொல்லு."

அவன் கிரேன் பக்கம் திரும்பினான்.

"அவனை விடு" என்று வாசற்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் தினமும் வாளியில தண்ணி பிடிச்சுக் கொடுத்தேன்."

அவளுக்கு அந்த வீட்டில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"நாளைக்கு வரேம்மா" என்றார் கிரேன்காரர்.

"நாளைக்கு வண்டி கிடைக்காது" என்றான் தம்பி. "வேர் அறுத்த மரம், இங்கயும் நிக்காது. ஒண்ணையாவது ஏத்திடுங்க."

அம்மா உள்ளே போய்விட்டாள். மகளும் பின்னால் போனாள். துணியை மறுபடி நனைத்து மீதி விரல்களைத் துடைத்தாள்.

அப்பாவை ஏற்றிய வண்டி கிளம்பியபோது லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. குறுகலான சாலை, முந்த வழியில்லை. மட்டைகளை உச்சியில் சேர்த்துக் கட்டி மரத்தைப் படுக்க வைத்திருந்தார்கள். ஊறிப்போன வேர்மண்ணைச் சுற்றிய சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. அந்த ஈரத்தின் மேலேயே பின்னால் அப்பாவின் வண்டி போனது.