ஒத்தடப் பைக்கு வைத்த ரெகுலேட்டர்

அப்பாவின் காலைத் துடைக்கப் போன மகள், உள்ளங்காலில் எலுமிச்சை அளவு கொப்புளத்தைப் பார்த்து அலறினாள். அப்பாவோ செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சர்க்கரை வியாதியில் மரத்துப்போன கால். வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

குற்றவாளி கட்டிலிலேயே கிடந்தது. கரண்டில் சூடாகும் ஒத்தடப் பை, அவருடைய இடுப்பு வலிக்காக வாங்கியது. அதற்கு ஒரே சூடுதான். மகள் ஸ்விட்சைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிடத்தில் அணைப்பாள். போன வாரம் அவள் கணவன், ஊருக்கெல்லாம் ஃபேன் பழுது பார்க்கிற மகாமேதை, அதன் ஒயரில் ஒரு ரெகுலேட்டரை இணைத்து, குமிழை மாமனாரின் கைக்கெட்டும்படி கட்டிலில் பொருத்திவிட்டான்.

"மரத்த காலுக்குச் சூடு எப்படித் தெரியும்? குமிழைக் கொண்டுபோய் அவர் கையில குடுத்திருக்கீங்களே, மூளை இருக்கா?" என்று, அலறல் கேட்டு ஓடிவந்த கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சுல வெச்சாலும் பழைய சூடுதான்டி."

"பழைய சூட்டை அணைக்க நான் இருந்தேன்! நேத்து நான் வேலைக்குப் போனதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் ஓடியிருக்கு."

"மாமாதான் கேட்டாரு" என்று மெல்ல நழுவப் பார்த்தான் அவன்.

அவள் அப்பாவிடம் பாய்ந்தாள். "இதைக் காலுக்கு வெக்கச் சொன்னது யாரு?"

"பாதம் சில்லுன்னு இருந்துச்சும்மா. ஒண்ணுல வெச்சேன், தெரியல. அப்புறம் ரெண்டு, மூணு…"

"போன வருஷம் ஒரு விரலை எடுத்தாச்சு. இப்ப காலையே குடுக்கப் போறீங்களா?"

அந்த ஆத்திரத்தோடு கணவனின் பையிலிருந்து கட்டிங் பிளேயரை உருவிக்கொண்டு வந்தாள். அப்பா சட்டென்று குமிழைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எப்ப சாப்பிடணும், எப்ப குளிக்கணும், ஜன்னலைத் தெறக்கறதா சாத்தறதா, எல்லாம் நீ சொல்றதுதான். இந்த வீட்டுல நான் திருப்புறது இது ஒண்ணுதாம்மா."

அவளுக்குக் கோபம் இறங்கவில்லை. யார் மேல் என்பதுதான் குழம்பிப்போயிற்று. பிளேயரைக் கணவன் மடியில் விட்டெறிந்தாள்.

"ஆட்டோ கூப்பிடுங்க. முதல்ல ஆஸ்பத்திரி." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "இனிமே இடுப்புக்கு மட்டும்தான். நான் வீட்டுல இருக்கறப்ப மட்டும்தான். பைக்கு அடியில என் கை இருக்கும். சுட்டா கத்துவேன், உடனே குறைக்கணும்."

"யாரு குறைக்கறது?" என்றார் அப்பா, பயந்துகொண்டே.

"நீங்கதான்! வேற யாரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.