ஊசி போட்டுப் பிறந்த பெண்

அந்தக் கால்நடை மருத்துவருக்குக் கூச்சம் என்பதே கிடையாது என்று ஊரே சொல்லும். "டாக்டர், எங்க நாய்க்கு ஒரு... துணை..." என்று யாராவது இழுத்தால் போதும். "இனச்சேர்க்கைன்னு வாயத் திறந்து சொல்லுங்க சார், இதுல என்ன வெட்கம்?" என்று வெளியே காத்திருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி முழங்குவார். நாயின் சொந்தக்காரர் தரையைப் பார்ப்பார். நாய் மட்டும் டாக்டரைப் பார்க்கும்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டில் வைத்த கையோடு உறைந்துபோனார். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டுவிட்டாள்: "அப்பா, நான் அம்மா வயித்துக்குள்ள எப்படிப்பா போனேன்?"

"தண்ணி குடி," என்றார்.

"எனக்கு விக்கலையே."

"எனக்கு விக்குது."

மகள் கை கழுவப் போனதும், வங்கியில் வேலை பார்க்கும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் சொல்லணும். உங்க துறைதானே?"

"என் துறை நாலு காலோட நின்னுடுது."

"அவளுக்கு ஒன்பது வயசு முடியப்போகுது. இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பு மாற ஆரம்பிச்சிடும். ஒண்ணும் தெரியாம பயந்து அழணுமா?"

"அப்போ நீ சொல்லேன்."

"அத நான் சொல்லிக்கறேன். இப்ப கேட்டது உங்க பாகம்."

அவர் கிளினிக் சாவியைத் தேடி எடுத்தார்.

சாயங்காலம், விடுமுறைக்குப் பூட்டியிருந்த கிளினிக்குக்கு மகளைக் கூட்டிப்போய், சுவரில் மாட்டியிருந்த பசுவின் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். தொடக்கம் அமர்க்களம். கருப்பை, கருமுட்டை, விந்தணு எல்லாம் தண்ணீர்பட்ட பாடாக வந்தன. அது எப்படி உள்ளே போகிறது என்ற இடம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. காளையின் பக்கம் போகப் பயந்து, சினை ஊசி என்ற குறுக்குச் சந்தில் திரும்பினார்.

"டாக்டர் வந்து, ஊசி மாதிரி ஒரு குழாய வெச்சு உள்ள விட்டுடுவாரு. அவ்வளவுதான்."

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

"பெரும்பாலும்," என்றார் அறிவியல் பட்டம் பெற்ற அந்த மனிதர்.

இரண்டு நாளில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தலைமையாசிரியை இருவரையும் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பேச்சு வெளியே கேட்காமலிருக்க ஃபேனை வேகமாக வைத்தார்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல ஒரு விஷயம் சொல்லியிருக்கா."

"எந்த விஷயம்?" என்றாள் மனைவி.

"அந்த விஷயம்தாங்க."

"எதுன்னு சொன்னாத்தானே மேடம் தெரியும்?"

"குழந்தை... வர்ற... அது." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவ ஊசி போட்டுப் பிறந்தவளாம். போட்டது அவங்க அப்பாவாம். பசுவுக்கெல்லாம்கூட அவர்தான் போடுவாராம். மத்த பிள்ளைங்க வீட்டுக்குப் போய், 'நம்ம வீட்டுக்கு எந்த டாக்டர் வந்தாரு'ன்னு கேட்டிருக்குதுங்க. ஒருத்தரு காலையிலேயே சண்டைக்கு வந்துட்டாரு."

மனைவி கணவனைப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார்.

"அப்போ நீங்களே முறையா சொல்லிக் குடுக்கலாமே, மேடம்?" என்றாள் மனைவி.

"எட்டாம் வகுப்புல பாடமே இருக்குங்க. அருமையான பாடம்."

"யாரு நடத்தறாங்க?"

"லீவுல வீட்டுல படிச்சுட்டு வரச் சொல்லிடுவோம். அப்பா அம்மா இருக்காங்க இல்ல?"

அப்பாவும் அம்மாவும் எழுந்தார்கள்.

மகளைக் கூட்டிக்கொண்டு வழியிலிருந்த பூங்காவில் மூவருமாக உட்கார்ந்தார்கள். "நான் அன்னைக்குச் சொன்னது மாட்டுக்கு. மனுஷங்களுக்கு அப்படி இல்ல," என்று டாக்டர் ஆரம்பித்தார். உறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வைக்காமல், உள்ள பெயரைச் சொல்லி, நேர்வழியில் போனார். காது சிவந்ததே தவிர நாக்கு குழறவில்லை. அவர் தடுக்கிய ஓரிடத்தில் மனைவி கைகொடுத்தாள். உலகமே பூட்டி வைத்திருந்த ரகசியம், ஐஸ்கிரீம் உருகும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பஸ் தாமதமாக வரும் என்று கேட்டவளைப் போல மகள் தலையாட்டினாள்.

"ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கணுமா?"

"கண்டிப்பா. பெரியவங்களாவும் இருக்கணும். ரெண்டு பேருமே சரின்னு சொல்லணும்."

"கன்னத்தக் கிள்றதுக்கும் சரின்னு சொல்லணுமா?"

"யாரு கிள்றாங்க?" என்றார் டாக்டர்.

"மருந்துக் கம்பெனி மாமா. வரும்போதெல்லாம் கிள்ளுவாரு, இழுத்து மடியில உக்கார வெச்சுப்பாரு. எனக்குப் பிடிக்காது. நீ, 'மாமாதானே'ன்னு சிரிப்ப."

"வேற ஏதாவது செய்வாரா?" என்று மனைவி குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"இல்லம்மா. கன்னம் வலிக்கும்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. மாடு காதை மடக்கினாலே அதற்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு விலகுகிறவர் அவர். பெற்ற பெண் தன் கண்ணெதிரே நெளிந்தது மட்டும் உறைக்கவே இல்லை.

"கிள்றதுக்கும்தான்," என்றார். "பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லு. யாரா இருந்தாலும்."

"நீ திட்டமாட்டியே?"

"மாட்டேன்."

அடுத்த முறை மருந்துக் கம்பெனிக்காரர் கிளினிக்குக்கு வந்தபோது அவள் அங்கே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "என்ன ராஜாத்தி!" என்று அவர் கையை நீட்டினார்.

"வேண்டாம் மாமா."

அவர் சிரித்துக்கொண்டே மறுபடி நீட்டினார்.

"அவ வேண்டாங்கறா இல்ல? கைய எடுங்க," என்றார் டாக்டர். வெளியே பூனையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

மருந்துக் கம்பெனிக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாமா சொல்லிக் குடுப்பாங்க? இன்னும் வயசு இருக்கே!"

"எங்களுக்குத்தான் வயசு போதல," என்றார் டாக்டர்.

அன்று சாப்பிடும்போது மகள் அடுத்த சந்தேகத்தை எடுத்தாள். "அப்பா, அம்மாகிட்ட நீ முதல்ல 'சரியா'ன்னு எப்படிக் கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்? அம்மாதான் கேட்டா."

மனைவி மறுக்கவில்லை.